திருப்பி வைக்காத முட்டை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கண் இருந்ததாம். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரி ஒருத்தியும் இருந்தாளாம். உம் கொட்டுங்கள், கொட்டினால்தான் கதை நகரும். அவள் பெயர் அத்தாயி. ஊர் நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம். ஆனால் கதை நடக்கிற இந்தக் காலைநேரத்தில் அவள் கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். பிறவியிலேயே ஒற்றைக்கண் இல்லை. இரண்டு இருந்ததுதான். சர்க்கரை வியாதி இடது கண்ணை எடுத்துக்கொண்டு, அது போதாமல் வலது கண்ணிலும் கை வைத்தது. நேற்று அந்த வலது கண்ணுக்குள் புகுந்து, கலங்கி நின்ற ரத்தத்தையும் ஜெல்லியையும் உறிஞ்சியெடுத்து, பிய்ந்து தொங்கிய விழித்திரையைக் கண்ணின் பின்சுவரோடு சேர்த்து, அது மறுபடி சரியாமல் அழுத்திப் பிடிக்க ஒரு குமிழி காற்றை உள்ளே விட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். காற்று மேலேதான் போகும். அதனால் முகம் கீழே. நிமிரக்கூடாது, மல்லாக்கப் படுக்கக்கூடாது. இன்னும் சற்று நேரத்தில் டாக்டரம்மா வந்து கட்டைப் பிரிப்பார். பிரித்ததும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால்… அந்த இடத்துக்கு வந்ததும் அத்தாயியின் நினைப்பு கால் இடறின மாதிரி நின்று, பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது கிடைக்கிறதா என்று தடவும்.

கைக்குக் கிடைத்தது தலையணை. நடுவில் பள்ளம் விட்டுத் தைத்த வளையத் தலையணை. நெற்றியும் தாடையும் அதில் பதிந்திருக்க மூக்குக்கு மட்டும் வழி. உறையில் மருந்து வாசனை. அதற்கு அடியில், துவைத்தும் போகாமல், யாரோ ஒருத்தியின் தேங்காயெண்ணெய். இதே பள்ளத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தவள். அவளுக்குத் தெரிந்ததா, தெரியாமலே வீடு போனாளா? அகலமான நெற்றிக்காரியாக இருந்திருக்க வேண்டும், பள்ளம் தாராளமாக விழுந்திருக்கிறது. நல்லாயிரு தாயே, எனக்கு இடம் பண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். யாரென்றே தெரியாதவளுக்கு நன்றி சொல்வது எவ்வளவு லேசாக இருக்கிறது. தெரிந்தவர்களிடம்தான் வாய் வருவதில்லை, தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்கிறது, பசை மாதிரி. இடது கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. வெளிச்சம். இடது கண்ணுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்; விடிந்துவிட்டது என்று சொல்லும், எது விடிந்தது என்று சொல்லாது. பாவம், அதையாவது சொல்கிறதே. கழுத்துக்குப் பின்னால் ஒரு நரம்பு பிடித்து இழுத்தது. திரும்பிப் படுத்தால் என்ன, ஒரே ஒரு நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆகாது. திருப்புகிற சங்கதி அத்தாயிக்குத் தெரியாததா? குஞ்சு பொரிக்கிற பண்ணையில் கல்யாணம் ஆன புதிதில் சேர்ந்தவள், இடது கண் போகிற வரைக்கும் அங்கேதான். பெரிய அலமாரி மாதிரி மெஷின், உள்ளே தட்டுத் தட்டாக முட்டை, அடைகாக்கிற கோழியின் வயிற்றுச் சூடு. மணிக்கு ஒருதரம் தட்டுகள் இந்தப் பக்கம் சாயும், அடுத்த மணிக்கு அந்தப் பக்கம். மின்சாரம் போய்விட்டால் பெண்டுகள் ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்துச் சாய்ப்பார்கள். முட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் குஞ்சு கிடையாது. இங்கே அப்படியே நேர்மாறு. ஒட்டத்தான் வேண்டும். அங்கே ஒட்டக்கூடாது என்று திருப்பித் திருப்பி வைத்தோம், இங்கே ஒட்ட வேண்டும் என்று திரும்பாமல் கிடக்கிறோம். ஆயுசு முழுக்கத் திருப்பினவளைப் பிடித்துத் திரும்பாதே என்று போட்டுவிட்டார்கள். அத்தாயிக்குத் தலையணைக்குள் சிரிப்பு வந்தது, சிரித்தால் கட்டுக்கு அடியில் வலித்தது.

"ஏனுங்க்கா, என்னத்துக்கு ஒடம்பு குலுங்குது? அழுவறீங்களா?" கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து வந்தது குரல். வசந்தாமணி. அத்தாயியின் கொழுந்தன் பெண்சாதி, அதாவது ஓரகத்தி. "அழுகக்கூடாதுன்னு சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லீட்டுப் போயிருக்குது." அத்தாயி, "அழுவுல புள்ள, சிரிச்சன்" என்றாள். "தலகீழாக் கெடந்துக்கிட்டு என்னங்க்கா சிரிப்பு? கல்யாணத்தன்னிக்கே நீங்க இப்பிடித் தலை குனியலையாம். நம்ம மாமியா சாகற மட்டும் அதையேதான் சொல்லீட்டு இருந்துச்சு, பெரியவ மணவறையில நிமுந்து ஒறம்பரை சனத்தப் பூராம் எண்ணீட்டு இருந்தாளாக்கும்னு. இப்ப குனிஞ்சீங்களா? சாமி ஒருநாளைக்குக் குனிய வச்சுப்போடுமுங்." இந்த வாய்க்காகவே இவளைப் பிடிக்காது ஒரு காலத்தில். இப்போது அந்த வாய் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. பேச்சு நின்றால் இருட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று சாயங்காலம் அத்தாயி என்னென்னவோ உளறிக்கொண்டே இருந்தாள், மயக்க ஊசியின் மிச்சமோ, பயமோ; பண்ணைக் கதை, தண்ணீர்ப் பாம்புக் கதை, செத்துப்போன புருஷன் முட்டை லோடோடு கேரளாவில் வழி தப்பின கதை. தரையிலிருந்து உம், உம் என்று வந்துகொண்டே இருந்தது. தூக்கத்தில் கூட உம் கொட்டினாள் மகராசி. கண் தெரியாதவளுக்கு உம் என்கிற அந்த ஒற்றைச் சத்தம் ஒரு ஆளின் முழு உருவம். "வசந்தா" என்றாள். "உம்?" "என்ன சீலை கட்டியிருக்க?" மெட்டி தரையில் உரசிற்று. "சொல்லமாட்டனுங். கட்டுப் பிரிக்கட்டும், நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள் வசந்தாமணி. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அத்தாயிக்கு இத்தனை நேரம் தெரியுமா தெரியாதா என்று மொத்தமாக இருந்த பயம் இப்போது ஒரு சேலை அளவுக்குச் சுருங்கி, மடித்து, கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சேலை. அந்தப் பேச்சை எடுத்திருக்கவே வேண்டாம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சேலை கிடக்கிறது, எத்தனையோ வருஷமாக. வசந்தாமணி வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்தபோது, மூத்தவள் என்கிற முறைக்கு அத்தாயி ஈரோட்டுக்குப் போய் ஒரு சேலை எடுத்தாள். கத்திரிப்பூ நிறம். கடைப்பையன் அரக்கு எடுத்துப்போட்டான், மாம்பழ மஞ்சள் எடுத்துப்போட்டான், இவள் கை கத்திரிப்பூவிலேயே நின்றது. ஏன் என்று அவனுக்கும் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சம். பண்ணையில் அவளுக்கு இருட்டறை வேலை. முட்டையை விளக்கு வாயில் வைத்து, உள்ளே கரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்த முட்டை குங்குமப்பூக் கரைத்த பாலைப் போலச் சிவந்த மஞ்சளாய் எரியும். பிடிக்காதது வெறும் வெளிச்சம், கூமுட்டை, எடுத்து ஓரத்தில் வை. நாள் முழுக்க அந்தச் சிவந்த மஞ்சளையே பார்த்துவிட்டு விளக்கை அணைத்தால், மூடின கண்ணுக்குள் ஒரு கறை நிற்கும். கத்திரிப்பூ நிறத்தில், முட்டை அளவில். எங்கே பார்த்தாலும் கூடவே வரும். சுவரைப் பார்த்தால் சுவரில், சோற்றைப் பார்த்தால் சோற்றில். வீட்டுக்கு நடந்துபோகிற வழியில் வானத்திலும் அதுதான். பிறகு மெல்லமாகக் கரையும். உலகத்தில் அவளுக்கு மட்டும் சொந்தமான நிறம் ஒன்று உண்டென்றால் அது அதுதான், அதைத்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். வசந்தாமணி ஒறம்பரை அத்தனை பேருக்கும் முன்னால் பிரித்துப் பார்த்து, "இதக் கட்டுனா நான் சந்தைக் கத்திரிக்காயாட்டமல்ல இருப்பன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தாயியும் சிரித்தாள், சிரித்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் வந்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துகொண்டு முகம் பார்த்துப் பேச்சில்லை. ஒரு சேலைக்குப் போய். இப்போது நினைத்தால் என்னவோ மாதிரி இருக்கிறது, இரண்டு கண்ணும் நன்றாக இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு முகத்தைப் பார்க்காமலே செலவு செய்திருக்கிறோம். இடது கண் போனதும் முதலில் வந்தவள் அவள்தான். நேராக அடுப்பங்கரைக்குள் போய்ப் பாத்திரம் துலக்கினாள்.

மெட்டிச் சத்தம் எழுந்தது. "தண்ணி தீந்துபோச்சுங்க்கா. புடிச்சுட்டு வந்தர்றன். நிமுந்தர்றாதீங்க." சத்தம் வார்டின் நடுவில் போய், கதவில் சிறிதாகி, இல்லாமல் போயிற்று. இருட்டு உடனே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. குமிழி இப்போது எங்கே இருக்கும்? கண்ணுக்குள் காற்று என்றால், தும்மினால் என்ன ஆகும்? ஜெல்லியை எடுத்துவிட்ட இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, சும்மா பள்ளமா? உடைத்த முட்டை ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் அடியில் ஒரு சொட்டு வெள்ளைக்கரு ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படி. நூல் மாதிரி இழுபடும். அந்த மாதிரி ஏதாவது ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறதா தன் பார்வை? கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கட்டை விரல் ஓரத்தில் காய்ப்பு, முட்டை பிடித்த காய்ப்பு, இன்னும் இருக்கிறது. விரல்கள் இருக்கின்றன. கண்ணில்லாமல் விரலை வைத்துக்கொண்டு வெந்தது வேகாதது பார்க்கலாம், அரிசியில் கல் பார்க்கலாம். வசந்தாமணியின் பேத்தி முகத்தை? அது தொட்டால் கூச்சம் என்று ஓடும். நினைப்பு மறுபடியும் இடறிற்று.

"அத்தாயிம்மா, நான் நஸ்ரீன். முழிச்சிருக்கீங்களா?" மெத்தென்ற செருப்பு, சத்தமே போடாது, குரல் வந்தபிறகுதான் ஆள் வந்தது தெரியும். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்துப் பெண். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து, கண்ணிலிருந்து எடுக்கிற ஜெல்லியில் சில சொட்டு எங்களுக்குத் தருவீர்களா, கட்டாயம் கிடையாது, தராவிட்டாலும் வைத்தியம் ஒன்றும் குறையாது என்று கேட்டவள். வசந்தாமணி அப்போதே, "கண்ணுத் தண்ணிய எடுத்து என்னங்கம்மிணி பண்ணுவீங்க, விப்பீங்களா?" என்று கேட்டு அந்தப் பெண்ணைத் திணற அடித்தாள். அதற்குள் என்னென்ன புரோட்டீன் கூடியிருக்கிறது, எதெது குறைந்திருக்கிறது என்று பார்ப்போம் என்றாள் நஸ்ரீன். அத்தாயிக்குத் தெரிந்த புரோட்டீன் கோழித் தீவன மூட்டையில் போட்டிருப்பது. சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள். கண்ணுக்குள் யார் கொண்டுபோய் அதைக் கொட்டினார்கள் என்று நினைத்தாள். எப்படியும் வெளியே கொட்டப்போவதுதானே, எடுத்துக்கொள்ளட்டும் என்று தலையாட்டினாள். "உங்க சாம்பிள் பத்திரமா ஃபிரீசர்ல இருக்கும்மா. நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் நஸ்ரீன் இப்போது. ஒரு சொட்டுக் கலங்கல் தண்ணீருக்கு ஒரு பெண் இத்தனை படி ஏறி வந்து நன்றி சொல்கிறது. தனக்கும் அந்த மாதிரி லேசாக வாய் வந்தால் என்ன? அத்தாயி, "சித்த உக்காரு அம்மிணி" என்றாள். நாற்காலி நகர்ந்தது. "ஒண்ணு கேட்டா சிரிக்கக்கூடாது. கண்ணுக்குள்ள புதுசு புதுசா ரத்தக்கொழா மொளைக்கறது கெட்டதுங்களா?" நஸ்ரீன் சிரிக்கவில்லை. "ஆமாம்மா. அதனாலதானே உங்களுக்கு ரத்தம் கசிஞ்சது" என்றாள். "அது எனக்குத் தெரியாமப் போச்சு சாமி" என்று தலையணைக்குள்ளேயே சொல்ல ஆரம்பித்தாள் அத்தாயி. முகம் தெரியாத பக்கமாகப் பேசுவதில் ஒரு சௌகரியம் இருந்தது, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். அத்தாயி போனாள், இடது கண்ணில் கொசு பறக்கிற மாதிரி இருந்தது. ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். கம்ப்யூட்டரில் காட்டினார்கள். பார்த்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. சிவந்த மஞ்சளில் ஒரு உருண்டை, ஒரு மூலையிலிருந்து கிளம்பி நாலாபக்கமும் பரவுகிற சிவப்பு நூல். அது முட்டை. சாமி சத்தியமாக முட்டைதான். மெஷினில் வைத்து ஒரு வாரம் கழித்து விளக்கு வாயில் காட்டினால் தெரியுமே, சிலந்தி காலைப் பரப்பின மாதிரி, அப்படிப்பட்ட அருமையான முட்டை. அந்த நூல் எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு உயிர். நூல் இல்லாத முட்டையைத்தான் அவள் ஆயுசு பூராவும் ஓரத்தில் எடுத்து வைத்தாள். முகாமில் இருந்தவர், "புதுசா ரத்தக்குழாய் நிறைய முளைச்சிருக்கும்மா, கோயமுத்தூர் வந்து லேசர் வச்சுக்கணும், பஸ் விடுவோம்" என்று நிதானமாகத்தான் சொன்னார். இவள் காதில் முதல் பாதியோடு நின்றது. புதிதாக முளைத்திருக்கிறதா, நிறையவா? போகிற வழியெல்லாம் சந்தோஷமாக நடந்தாள். பண்ணையில் போய், என் கண்ணைப் படம் பிடித்தார்கள், முதல் தர முட்டை, உள்ளே உயிர் அப்படித் துடிக்கிறது என்று பெருமை பேசினாள். பஸ் வந்து போயிற்று, இவள் போகவில்லை. மாரியம்மன் பண்டிகைக்குப் பிறகு ஒருநாள் இருட்டறையில் ஒரு முட்டையை விளக்கில் வைத்தாள், முட்டைக்குள் மைப்புட்டி உடைந்த மாதிரி கறுப்பு இறங்கிற்று. கெட்ட முட்டை என்று ஓரத்தில் வைத்தாள். அடுத்ததும் கெட்டது. அதற்கடுத்ததும். தட்டு முழுவதையும் எடுத்து ஓரத்தில் வைத்த பிறகுதான் மேஸ்திரி வந்து, "அத்தாயி, முட்டையெல்லாம் நல்லாத்தான இருக்குது" என்றான். கறுப்பு முட்டைக்குள் இல்லை.

சொல்லி முடித்தாள். நஸ்ரீன் இருக்கிறாளா, போய்விட்டாளா? "உம் கொட்டு அம்மிணி, எனக்கு ஆளிருக்கறது தெரியாது" என்றாள் அத்தாயி. "இருக்கேம்மா." குரல் முன்பைவிடப் பக்கத்தில் வந்திருந்தது, குனிந்திருக்க வேண்டும். "நீங்க பார்த்தது தப்பில்லம்மா, இடம்தான் மாறிப்போச்சு. சர்க்கரை அதிகமாகி ரத்தக்குழாய் கெட்டுப்போனா விழித்திரைக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டினா அது ஒரு புரோட்டீனை அனுப்பி, எனக்கு ரத்தம் வேணும், வழி போடுங்கன்னு கூப்பிடும். உடனே புதுக் குழாய் முளைக்கும். ஆனா அவசரத்துல முளைச்சது, பலம் இருக்காது, உடையும். அந்தக் கூப்பிடுற புரோட்டீன் முட்டைக்குள்ளயும் இருக்கும்மா. அங்க குஞ்சுக்காகக் கூப்பிடுது. உங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னால கண்ணுல ஊசி போட்டாங்க இல்ல? அது அந்தக் கூப்பாட்டை அடக்குறதுக்குத்தான். அந்த மாதிரி மருந்தையெல்லாம் ஆராய்ச்சி பண்ணும்போது கரு பிடிச்ச கோழிமுட்டையில விட்டுப் பார்க்கிறதும் உண்டு, ரத்தக்குழாய் முளைக்கிறது நிக்குதான்னு." அத்தாயி அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள், உடனே திருப்பிப் பார்க்கவில்லை. கண் கூப்பிட்டிருக்கிறது. மூச்சு முட்டி, உதவிக்கு வாருங்கள் என்று அது கூப்பிட்ட கூப்பாட்டைத்தான் படத்தில் பார்த்து, ஆஹா என்று சந்தோஷப்பட்டுவிட்டு வந்திருக்கிறாள். கோபம் வரும் என்று நினைத்தாள், தன் மேல், வந்தது வேறு. அந்தக் கண்ணின் மேல் ஒரு பாசம். அது கெடுதல் செய்யவில்லை. தெரிந்த ஒரே வழியில் பிழைக்கப் பார்த்தது. பிறகு இன்னொன்று மெல்ல மேலே வந்தது. ஏதோ ஒரு காலேஜிலிருந்து பண்ணைக்கு ஜீப் வரும், எப்போதாவது. கரு நன்றாகப் பிடித்த முட்டை வேண்டும், ஆராய்ச்சிக்கு என்பார்கள். அத்தாயியைத்தான் பொறுக்கச் சொல்வார்கள். எதற்கு என்று அவள் கேட்டதில்லை. நூல் நன்றாகப் பரவின முட்டையாகப் பார்த்து அட்டையில் அடுக்கிக் கொடுப்பாள், ஜீப் மெதுவாகப் போக வேண்டும் என்று டிரைவரை மிரட்டுவாள். அந்த முட்டைகள் எங்கே போயின, அவற்றில் என்ன மருந்து விட்டார்கள், யாருக்குத் தெரியும். இந்த ஊசிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கும். ஆனாலும் எங்கேயோ, யாரோ ஒருத்தி பொறுக்கிக் கொடுத்த முட்டைகள், வெளியே வந்து கீச்சென்று ஒரு தடவைகூடக் கத்தாத குஞ்சுகள், அவை முளைக்க இருந்ததை விட்டுக்கொடுத்ததில்தான் தன் கண்ணுக்குள் முளைத்தது நின்றிருக்கிறது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. குப்புறக் கிடந்ததால் கை நெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது, யோசித்தால் அது ஏற்கெனவே கும்பிட்ட மாதிரிதான் இருந்தது.

அப்போதுதான் கதவுப் பக்கம் மெட்டி ஒன்று உரசிற்று. உரசின விதத்தில், அது இப்போது வரவில்லை, வந்து வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. "அட என்ற கூமுட்டை அக்கா" என்றாள் வசந்தாமணி. குரல் உடைந்திருந்தது. "முகாமுக்குப் போகச்சொல்லி நான் ஆளுகிட்டச் சொல்லியுட்டனில்ல? நான் சொன்னதுனாலதான் நீங்க வீம்புக்கு ஆஸ்பத்திரி போகலீன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருக்கறனுங்க்கா. என்னாலதான் கண்ணு போச்சுன்னு. நீங்க முட்டையப் பாத்துட்டுச் சந்தோசமா வந்தீங்களா?" இவள் பாத்திரம் துலக்கியது, சோறு ஊட்டியது, தரையில் படுத்து உம் கொட்டியது எல்லாம் அந்த நினைப்போடா? "உன்னால ஏன் புள்ள போகுது" என்றாள். "நீ சொல்லியுட்டதனாலதான் முகாமுக்கே போனன்." தண்ணீர்ப் பாட்டில் தரையில் வைக்கப்படும் சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் ஒரு சிரிப்பு, ஈரமாக. "முதல் தர முட்டையாமா." நஸ்ரீனும் சிரித்துவிட்டாள். மூன்று பேர் சிரிப்பில் ஒன்று தலையணைக்குள் போய்ப் புழுங்கிற்று.

டாக்டரம்மா வரும்போது சிரிப்பு இன்னும் முழுக்கத் தீரவில்லை. "என்ன, இங்கே கச்சேரி நடக்குது? அத்தாயி, மெதுவா எழுந்து உக்காருங்க, தலை குனிஞ்சபடியே இருக்கட்டும்." பிளாஸ்திரி இழுபட்டது, பஞ்சு விலகிற்று, குளிர்ந்த நீரால் இமையைத் துடைத்தார்கள். "கொஞ்சம் நிமிரலாம், கொஞ்ச நேரம்." நிமிர்ந்தாள். டாக்டரம்மா நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வந்தார். வெளிச்சம் கண்ணுக்குள் இறங்கிற்று. அடடா, இதுதானா அது. இத்தனை வருஷம் விளக்குக்கு இந்தப் பக்கம் நின்றவள் இப்போது அந்தப் பக்கம். தான்தான் முட்டை. டாக்டரம்மா பேசவில்லை. மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்கைப் பாருங்க, அவ்வளவுதான். அத்தாயிக்கு அந்த மௌனம் தெரியும். நல்ல முட்டை என்றால் கை சட்டென்று நகர்ந்துவிடும். சந்தேக முட்டையில்தான் கை நிற்கும். நிற்கிறதே, ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது, ஓரத்தில் எடுத்து வைக்கவா? முட்டைக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்குமா தன் கையில்? கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லியிருக்கலாம் அவற்றுக்கு. "ஒட்டியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "விழித்திரை அழகா ஒட்டியிருக்கு. இனி பார்வை எவ்வளவுன்னு நரம்புதான் சொல்லணும். என் கை ஆடுறது தெரியுதா?" அத்தாயி பார்த்தாள். தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிற மாதிரி ஏதோ அலைந்தது, அதன் நடுவில் ஒரு கறை. கத்திரிப்பூ நிறத்தில். விளக்கின் கறை. அவளுக்கு அது பழக்கம். வேறொன்றும் இல்லை. "தெரியலைங்க" என்றாள். சொன்ன வாய் தன்னுடையது மாதிரி இல்லை. "லைட் அடிச்சதால கூசும். வெசனப்படாதீங்க, மத்த வார்டு பார்த்துட்டு வந்து மறுபடி கேக்கறேன். இப்ப குனிஞ்சுக்கங்க" என்று, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் ஒட்டிவிட்டு டாக்டரம்மா போனார். வெசனம் என்ற அந்த ஊர்ச் சொல்லை அவர் யாரிடம் கற்றுக்கொண்டார்? நல்லாயிருங்க தாயே. நஸ்ரீன் அவள் தோளைத் தொட்டுவிட்டு அவளும் போனாள். மெத்துச் செருப்பு, சத்தமே இல்லை, கை எடுத்த இடத்தில் தோள் மட்டும் குளிர்ந்தது.

அத்தாயி கட்டிலின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கறை கூடவே இருந்தது. மடியைப் பார்த்தாள், மடியில் இருந்தது. முழங்காலைப் பார்த்தாள், முழங்காலில். சரி. ஒட்டியிருக்கிறது என்று சொன்னார்களே, அதுவே பெரிய விஷயம். ஒட்டியிருக்கிறது, ஒட்டியிருக்கிறது. தெரியாவிட்டாலும் உம் கொட்ட ஆளிருக்கிறது. இல்லாதவர்கள் எத்தனை பேர்? பக்கத்தில் வசந்தாமணி மூச்சு விடுவது கேட்டது. "சக்கரை போடாம டீ வாங்கியாறனுங்க்கா. அசையாம இருங்க" என்றாள் கடைசியில். மெட்டி நகர்ந்தது. அத்தாயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தரை என்று தான் நினைத்த இடத்தை. கறை அங்கேதான் இருந்தது, கால்களுக்கு முன்னால். பிறகு அது இரண்டாயிற்று. ஒன்று கண்ணோடு நின்றது, கரைந்து, வெளிறி, விளிம்பு உதிர்ந்துகொண்டு. இன்னொன்று அப்படி இல்லை. அது தண்ணீருக்குள் ஆடுகிற துணி மாதிரி ஆடிற்று, அலைக்கு அப்பால் நெளிந்தது, ஆனால் வெளிறவில்லை. அத்தாயி கண்ணை அசைக்கவில்லை. மூச்சையும் அசைக்கவில்லை. விளக்கின் கறை என்றால் கூடவே இருக்கும், அவளுக்குத் தெரியும், அவளைவிட அது யாருக்குத் தெரியும். பார்த்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், விட்டுவிட்டுப் போகாது. அவள் தரையிலேயே பார்வையை ஊன்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மெட்டி ஒருதரம் ஒலித்தது, இன்னொருதரம். ஆடிக்கொண்டிருந்த அது போயிற்று. பார்வையை விட்டு விலகி, ஓரத்துக்கு, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்துக்குப் போயிற்று. அங்கே போனதும் ஒரு கணம் பளீரென்று ஆயிற்று, சந்தைக் கத்திரிக்காயாட்டம். அந்தச் சேலையை ஒருதரமும் கட்டாமல் எந்தப் பெட்டியில் வைத்திருந்தாளோ. கூப்பிடலாம். வசந்தா என்று ஒரு சொல். தொண்டையில் வந்து நின்றது, இந்தமுறை பசை மாதிரி இல்லை, வெதுவெதுப்பாக. கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவாள். போகட்டும், முழுக்கப் போகட்டும், போவது தெரிகிறதே. உம், என்றாள் அத்தாயி. மெட்டி கதவைத் தாண்டிற்று, கத்திரிப்பூ நிறமும் கூடவே தாண்டிப் போயிற்று.